பெட்டியும் பீடமும்

(திருவரங்கத்துப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

திருவரங்கத்திலே அன்று பேசியதை ஏட்டிலே தரும்படி கேட்டிருக்கிறீர்கள். மேடையிலே நின்றபோது காவிரிக் காற்று துணைக்கு வந்தது. இங்கே எழுதுகோல் ஒன்றுதான் துணை. ஆகவே, பேசியதிலே சிலவற்றை விட்டும், பேச மறந்ததிலே சிலவற்றைச் சேர்த்தும் தருகிறேன். கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள், "இதை அங்கே சொல்லவில்லையே!" என்று என்மீது வழக்குத் தொடுத்துவிடக் கூடாது. தொடுத்தாலும், எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கும்!

கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. அம்மா மண்டபச் சாலையிலே ஒரு தேநீர்க் கடை. நாளேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். எங்கோ வந்த ஏதோ ஒரு தீர்ப்பு; அவருக்கு அது பிடிக்கவில்லை. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"அண்ணே! ஊராட்சிக்கு ஆளை நாம் தேர்ந்தெடுக்கிறோம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாமே தேர்ந்தெடுக்கிறோம். அவர்கள் கூடிச் செய்கிற சட்டத்தை, ஒரே வரியிலே, செல்லாது என்று சொல்லிவிடுகிறார் நீதிபதி. அவரை மட்டும் யார் தேர்ந்தெடுத்தார்? அங்கேயும் ஒரு பெட்டியை வைத்தால் என்ன அண்ணே?"

கேள்வி சிறியது. கேட்டவர் வயதோ இருபதைத் தாண்டியிராது. ஆனால், நான் தேநீரைக் குடித்து முடிக்கும் வரையில் எனக்கு விடை கிட்டவில்லை. ஆகவே, வேறு எதையோ பேசுவதற்காக வந்தவன், அந்தக் கேள்வியையே மேடைக்குத் தூக்கிச் சென்றேன்.

ஒன்றை முன்னதாகவே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் சட்டம் படித்தவனல்லன். கல்லூரிப் படிப்பையே பாதியிலே விட்டு வந்தவன். நீதிபதியோடு எனக்குள்ள உறவெல்லாம் நாடக மேடையிலேதான். வெள்ளைச் சுருள்முடி வைத்துக்கொண்டு, மரச் சுத்தியலால் மேசையைத் தட்டி, "அமைதி! அமைதி!" என்று முழங்கியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் உண்மையான நீதிமன்றத்திலே போய் உட்கார்ந்து பார்த்தேன். சுத்தியலும் இல்லை, சுருள்முடியும் இல்லை! நாம் மேடையிலே காட்டுவதற்கும் அங்கே நடப்பதற்கும் உள்ள தொலைவு, மலைக்கோட்டைக்கும் மாஸ்கோவுக்கும் உள்ள தொலைவு. அந்தத் தொலைவை அறிந்தவனாகவே பேசுகிறேன்.

பெட்டி வைத்த நாடு ஒன்று உண்டா? உண்டு, தோழர்களே. அமெரிக்கா! அங்கே நடுவண் நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் பெயர் குறிப்பிட, செனட் அவை ஒப்புதல் தருகிறது. மாநில நீதிபதிகளின் கதை வேறு. 1832இலே மிசிசிப்பி மாநிலம், தன் நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விதி செய்தது. நியூயார்க் 1846இலே பின்தொடர்ந்தது. இன்று 38 மாநிலங்களிலே, மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகூட ஏதேனும் ஒரு வகையிலே வாக்காளரைச் சந்தித்தாக வேண்டும்.

அப்படி வந்த ஒருவரின் பாதையைப் பாருங்கள். விஸ்கான்சின் மாநிலத்திலே சூசன் கிராஃபோர்டு எனும் பெண்மணி. வழக்கறிஞர், மாநில அரசின் சட்டத்துறையிலே குற்றவியல் மேல்முறையீடுகளைக் கவனித்தவர்.

மேல்முறையீட்டு வழக்கறிஞர் என்பவர் தனி வகை. சாட்சிக் கூண்டை அவர் பார்ப்பதில்லை. கண்ணீர் விட்டுக் கதறும் தாயையும், கை நடுங்கப் பொய் சொல்லும் சாட்சியையும் அவர் சந்திப்பதில்லை. கீழ் மன்றம் பதிந்த சாட்சியம், கீழ் மன்றம் எழுதிய தீர்ப்பு, இவைதாம் அவருக்குக் களம். அந்தத் தாள்களுக்குள்ளே சட்டம் எங்கே இடறி விழுந்தது என்று தேடுவதுதான் அவர் தொழில். கூட்டத்தைக் கூட்டிப் பேசும் தொழிலன்று அது. விளக்கடியிலே தனியே உட்கார்ந்து படிக்கும் தொழில்.

அப்படிப்பட்டவர், பின்னர் மாநில ஆளுநரின் சட்ட ஆலோசகராகி, தனியார் தொழிலும் செய்து, 2018இலே மாவட்ட அளவிலான நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 1ஆம் நாள் மாநில உச்ச நீதிமன்றத்துக்கே போட்டியிட்டார். ஏழே நீதிபதிகள் கொண்ட மன்றம். ஒரே ஓர் இடம். அதற்குச் செலவான பணம் எவ்வளவு தெரியுமா? இரு தரப்பும் சேர்ந்து 10 கோடி டாலருக்கும் மேலே!

உலகின் முதல் பணக்காரர் எனப்பட்ட ஈலான் மஸ்க், அவருக்கு எதிரணியிலே நின்றார். அவரும் அவர் சார்ந்த அமைப்புகளும் கொட்டியது 2 கோடி டாலருக்கு மேல். அதோடு விட்டாரா? கூட்டம் போட்டு, மேடையிலேயே இரண்டு வாக்காளருக்கு ஆளுக்குப் பத்து இலட்சம் டாலருக்குக் காசோலை நீட்டினார். இங்கே மூக்குத்திக்கும் முந்நூறு ரூபாய்க்கும் நாம் முகம் சுளிக்கிறோமே, அங்கே காசோலையைக் கையிலே பிடித்து விளம்பரப் பலகை போலவே காட்டினார்கள்!

கிராஃபோர்டு வென்றார். பணக்காரர் தோற்றார். கூட்டத்திலே இதைச் சொன்னபோது கைதட்டல் எழுந்தது. நான் கையமர்த்தினேன். ஏனென்றால், வென்றவர் பக்கமும் கோடீசுவரர்கள் இருந்தார்கள். அவர்களும் வாரி வழங்கினார்கள். பணம் தோற்றுவிட்டது என்று சொல்லுவதைவிட, ஒரு பணம் மற்றொரு பணத்திடம் தோற்றது என்று சொல்லுவதுதான் நேர்மை.

சரி, ஒரு பணம் வென்றால் என்ன ஆகும்? அதற்கும் கதை இருக்கிறது. நான் எழுதிய நாடகமன்று, நடந்தது.

மேற்கு வர்ஜீனியா. நிலக்கரி நாடு. ஹியூ கேப்பர்டன் என்பவர் சிறு சுரங்க நிறுவனம் நடத்தியவர். மாஸி எனும் பெரும் நிலக்கரிக் கம்பெனி தம் தொழிலை அழித்துவிட்டது என்று வழக்கிட்டார். 2002இலே சாதாரண மக்கள் அடங்கிய ஜூரி, 5 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்றது. கம்பெனி மேல்முறையீட்டுக்குக் கிளம்பியது. கம்பெனியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் எண்ணினார்: வழக்கு மேல் மன்றம் போகப் போகிறது, மேல் மன்றத்துக்கு 2004இலே தேர்தல் வரப் போகிறது. வழக்கறிஞரை அமர்த்துவதை விட, நீதிபதியையே அமர்த்திவிட்டால்?

பிரென்ட் பெஞ்சமின் என்றொரு வழக்கறிஞர். அதுவரை நீதிபதியாக இருந்தவரல்லர், ஊரறிந்த பெயருமன்று. அவருக்கு ஆதரவாகப் பிளாங்கன்ஷிப் செலவிட்டது 30 இலட்சம் டாலர். மற்ற ஆதரவாளர் அனைவரும் சேர்ந்து செலவிட்டதைக் காட்டிலும் அதிகம்! அதிலே பெரும்பங்கு போய்ச் சேர்ந்த அமைப்பின் பெயர் என்ன தெரியுமா? 'குழந்தைகளின் நலனுக்காக' என்னும் பொருள்படும் பெயர்! நாடக ஆசிரியன் ஒருவன் வில்லனுடைய சங்கத்துக்கு இப்படிப் பெயர் வைத்தால், மிகைப்படுத்திவிட்டான் என்று திறனாய்வாளர் திட்டுவார்கள்.

பதவியிலிருந்த நீதிபதி வாரன் மெக்ரா தோற்றார். பெஞ்சமின் பீடம் ஏறினார். வழக்கு வந்தது. "ஐயா, தாங்கள் இதிலே விலகியிருக்க வேண்டும்" என்றார் கேப்பர்டன். "ஏன் விலக வேண்டும்? நான் நடுநிலையாளன்" என்றார் நீதிபதி. 2007இலே தீர்ப்பு வந்தது: மூவருக்கு இருவர் என்ற கணக்கிலே 5 கோடி டாலர் காற்றிலே பறந்தது. அந்த மூவரிலே ஒருவர் பெஞ்சமின்!

2009இலே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டது. நீதிபதி காசு வாங்கினார் என்று அது சொல்லவில்லை. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒருவன் இருக்கலாகாது. அதைப் போலவே தன் வழக்குக்குரிய நீதிபதியைத் தானே பொறுக்கியெடுக்கும் நிலையும் ஐயத்துக்குரியது. ஆகவே அவர் விலகியிருக்க வேண்டும் என்றது. இதைச் சொல்லவும் அங்கே ஐவர்தான் சேர்ந்தார்கள், நால்வர் மறுத்தார்கள்.

அதே மாஸி கம்பெனிக்குச் சொந்தமான சுரங்கம் ஒன்று 2010 ஏப்ரல் 5ஆம் நாள் வெடித்தது. 29 தொழிலாளர் மாண்டனர். சுரங்கப் பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்தார் என்று பிளாங்கன்ஷிப் 2015இலே குற்றவாளியாகக் காணப்பட்டு, ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

தேநீர்க் கடைத் தோழர் முன்வரிசையிலே உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வாடியது. பெட்டியை நான் உடைத்துவிட்டேன் என்று எண்ணியிருப்பார். இல்லை, அடுத்த கதையையும் கேளுங்கள்.

திருச்சிச் சுருட்டுக்கு ஒரு காலத்திலே இங்கிலாந்து வரையிலே பெயர். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ், சாம்பலைப் பார்த்தே இது திருச்சிச் சுருட்டு என்று சொல்லுவதாகக் கதையிலே வரும். சுருட்டு சுற்றிய கைகளை நம் ஊர் அறியும். அதுபோலப் பீடி சுற்றிய ஒரு கையின் கதை இது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்துச் சிற்றூரிலே பிறந்தவர் சுரேந்திரன் பட்டேல். ஏழைக் குடும்பம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அக்காளோடு அமர்ந்து பீடி சுற்றினார். மறுபடி படிக்கப் போனார். வேலைக்குப் போனதால் கல்லூரியிலே வருகை குறைந்தது. தேர்வெழுத விடமாட்டோம் என்றார்கள். "ஒரு வாய்ப்புத் தாருங்கள், குறைந்த மதிப்பெண் வாங்கினால் படிப்பையே விட்டுவிடுகிறேன்" என்று மன்றாடி எழுதி, முதலிடம் பெற்றார். ஓட்டலிலே வேலை பார்த்துக்கொண்டே கோழிக்கோட்டிலே சட்டம் படித்தார். ஓசதுர்க்கத்திலே வழக்காடினார், பிறகு டில்லியிலே உச்ச நீதிமன்றத்திலே வழக்காடினார். மனைவி செவிலியர், அவருக்கு அமெரிக்காவிலே வேலை கிடைத்து, 2007இலே டெக்சாஸ் மாநிலத்துக்குக் குடியேறினார். அங்கே மறுபடியும் தேர்வு, மறுபடியும் படிப்பு. 2017இலே அந்நாட்டுக் குடிமகனானார். 2020இலே நீதிபதித் தேர்தலிலே நின்று தோற்றார். 2022இலே, பதவியிலிருந்த நீதிபதியையே கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலிலே வீழ்த்தி, பொதுத் தேர்தலிலும் வென்று, 2023 சனவரி முதல் நாள் 240ஆவது மாவட்ட நீதிமன்றத்திலே நீதிபதியாகப் பதவியேற்றார்.

"உன் உச்சரிப்பு இந்த ஊர் உச்சரிப்பு இல்லையே!" என்று கேலி செய்தார்களாம். பீடி இலையின் மணம் மாறாத விரலுக்கு, பீடத்தின் கதவைத் திறந்துவிட்டது பெட்டிதான்! இதையும் மறைக்கலாமா? மறைத்தால் நான் உங்களுக்கு வழக்கறிஞனாகப் பேசுகிறேனே தவிர, தோழனாகப் பேசவில்லை என்று ஆகிவிடும்.

மெக்சிகோவும் இப்போது பெட்டியை வைத்துப் பார்த்திருக்கிறது. 2025 சூன் முதல் நாள், உச்ச நீதிமன்றம் தொடங்கிக் கீழ் மன்றங்கள் வரை நீதிபதிகளுக்குத் தேர்தல். மிஸ்டெக் எனும் பழங்குடியிலே பிறந்த வழக்கறிஞர் ஹூகோ அகிலார் ஓர்டிஸ், உச்ச நீதிமன்றத் தலைவராகவே வந்தார். மகிழத்தக்க செய்தி. ஆனால், வாக்களித்தவர் நூற்றுக்குப் பதின்மூவர் அளவே! வண்ண வண்ணத் தாள்கள், நூற்றுக்கணக்கான பெயர்கள். யாருக்குப் போடுவது என்று எழுதிய துண்டுச் சீட்டுகள் மடித்து மடித்து வழங்கப்பட்டன. உச்ச நீதிமன்றத்துக்கு வென்ற ஒன்பது பேரும் அந்தச் சீட்டிலே இருந்த பெயர்களே. சீட்டை அச்சிட்டவன் யாரோ, அவனே தேர்ந்தெடுத்தான். மக்கள் மை தடவிக்கொண்டார்கள்.

இந்த இடத்திலே, கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்: "அமெரிக்கா எதற்கு, மெக்சிகோ எதற்கு? நம் சோழன் குடவோலை வைக்கவில்லையா?"

வைத்தான் ஐயா. சோழர் தலைநகராம் உறையூர் இதோ, பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். அந்த உறையூரின் அறங்கூறு அவையைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். முதற்பராந்தகன் காலத்திலே, 919, 921ஆம் ஆண்டுகளிலே வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்லுகின்றன. பெருமைதான். ஆனால், பெருமையின் மயக்கத்திலே கல்வெட்டைப் படிக்காமல் விட்டுவிடலாமா? குடவோலை வாக்குப் பதிவன்று; திருவுளச் சீட்டு. குடத்திலே ஓலைகளைப் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாச் சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எவருடைய பெயரைக் குடத்திலே போடலாம்? கால்வேலி வரி நிலம் வேண்டும், சொந்த மனையிலே வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையே இருக்க வேண்டும். இந்தத் தகுதிகளிலே எனக்கு இருப்பது வயது ஒன்றுதான். அதுவும் அண்மையிலே வந்தது! அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. குடம் பொதுவாக இருந்தது; ஓலை பொதுவாக இல்லை.

எனினும், அந்தக் கல்வெட்டிலே எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவனுடைய உறவினர் பெயரும் குடத்துக்குள்ளே போகக் கூடாது! யார் வரலாம் என்ற விதியிலே குறுகியவர்கள், யார் வரக்கூடாது என்ற விதியிலே உயர்ந்து நின்றார்கள். அதைவிட முக்கியம், அந்த விதிகளைக் கல்லிலே வெட்டி எல்லோரும் காண வைத்தார்கள்.

இனி, நம் நாட்டிலே நீதிபதி எப்படி வருகிறார்? கீழ் மன்றத்து உரிமையியல் நீதிபதி தேர்வெழுதி வருகிறார். அது திறந்த கதவு. குடியானவன் மகளும் எழுதலாம், எழுதி வந்திருக்கிறார்கள். உயர் நீதிமன்றம் வேறு. வழக்கறிஞராக இருந்து அங்கே வருகிறவர் பத்தாண்டு உயர் நீதிமன்றத்திலே வழக்காடியிருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 217ஆம் பிரிவு. வழக்காடியவர் ஆயிரக்கணக்கிலே இருக்கிறார்களே, அவர்களிலே இன்னாரை எடு என்று சொல்லுவது யார்? 1993ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, மூத்த நீதிபதிகள் சிலர் அடங்கிய குழு. கொலீஜியம் என்பது பெயர். அரசியலமைப்புச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். அந்தச் சொல் இராது. நாடாளுமன்றம் இதை மாற்றி ஆணையம் ஒன்றை அமைத்தது. 2015 அக்டோபர் 16ஆம் நாள், நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கிலே உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. மறுத்து எழுதிய ஒருவர் நீதிபதி செலமேசுவர். அந்த ஆணையத்தை நான் போற்ற வரவில்லை. அமைச்சர் கையிலே நீதிபதியின் குடுமியைக் கொடுப்பது ஆபத்து என்று நீதிபதிகள் அஞ்சியதிலே நியாயம் உண்டு. ஆனால், அமைச்சர் கை வேண்டாம் என்பதற்காக, ஊரார் கண்ணும் வேண்டாம் என்றாகிவிட வேண்டுமா?

கதவை மூடிக்கொண்டு பொறுக்கியதன் விளைவைப் பாருங்கள். 2018 முதல் நாட்டின் உயர் நீதிமன்றங்களிலே அமர்த்தப்பட்ட நீதிபதிகள் 715 பேர் என்று 2025 மார்ச்சிலே மாநிலங்களவையிலே அரசு விடையளித்தது. அவர்களிலே பட்டியலினத்தவர் 22, பழங்குடியினர் 16, பிற பிற்படுத்தப்பட்டோர் 89, சிறுபான்மையினர் 37. கணக்கிலே நான் கெட்டிக்காரனல்லன். கழித்துப் பார்க்கும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்றத்திலே 1973இலே நீதிபதியான ஏ. வரதராசன், 1980இலே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். தாழ்த்தப்பட்ட சமுதாயத்திலிருந்து அங்கே சென்ற முதல்வர் அவர். குடியரசாகி முப்பது ஆண்டு காத்திருந்த பிறகு, ஒருவர்!

ஆள் யார் என்பது தீர்ப்பிலே தெரியுமா? தெரியும். வி. ஆர். கிருஷ்ணய்யரை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர், 1952இலே கூத்துப்பறம்பிலிருந்து நம் சென்னைச் சட்டமன்றத்துக்கே வந்தவர், 1957இலே கேரளத்திலே அமைச்சர். 1960 தேர்தலிலே ஏழே வாக்கிலே தோற்றதாக அறிவிக்கப்பட்டு, வழக்காடி வென்றவர். வாக்குக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கிய அந்தக் கால்கள் 1968இலே கேரள உயர் நீதிமன்றத்துக்கும், 1973இலே உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றன. 1978இலே மோதிராம் எனும் கொத்தனார், பிணைக்குப் பத்தாயிரம் ரூபாய் ஈடு காட்ட வேண்டும், அதுவும் அதே மாவட்டத்து ஆளைக் காட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டதால் சிறையிலே கிடந்தார். கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பத்திரத்திலே அவரை வெளியே விட்டார். கொத்தனாருடைய மடியிலே எவ்வளவு இருக்கும் என்பது வீடு வீடாகப் போனவருக்குத் தெரியும்.

நம் பக்கத்திலே எஸ். இரத்தினவேல் பாண்டியன். நெல்லை மாவட்டத்திலே தி.மு.கழகச் செயலாளராக இருந்த வழக்கறிஞர்; 1974இலே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி; 1988இலே உச்ச நீதிமன்ற நீதிபதி. 1992இலே மண்டல் வழக்கிலே இடஒதுக்கீட்டை நிலைநாட்டிய தீர்ப்பிலும், 1994இலே மாநில ஆட்சிகளை நினைத்தபோது கலைக்கலாகாது என்ற பொம்மை வழக்கின் தீர்ப்பிலும் அவர் பங்கு உண்டு.

உடனே ஒரு தோழர், "அப்படியானால், நம் ஆட்களையே நீதிபதியாக்க வேண்டும்!" என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தார். கைதட்டலும் வந்தது. அந்தக் கைதட்டலுக்குத்தான் நான் அஞ்சுகிறேன், தோழர்களே! 'நம் ஆள்' என்றுதானே பிளாங்கன்ஷிப்பும் எண்ணினார்? நம் ஆள் நமக்கு. நாளை அவன் ஆள் அவனுக்கு. பாண்டியனைப் போற்றுவது அவர் நம்மவர் என்பதற்காக அன்று. பீடம் ஏறிய பிறகு, எந்த வீட்டுப் பிள்ளைக்கு இடம் மறுக்கப்பட்டது என்பதை மறவாமல் எழுதினார் என்பதற்காக.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. கொள்ளிடக் கரையோரம் எங்களுக்குச் சிறு வாழைக்கொல்லை. வாழைத்தார் சுமந்து வெளியே வர ஒரு வரப்புப் பாதை. பாதை யாருக்கு என்று வழக்கு. முதல் மன்றத்திலே வெற்றி, அடுத்ததிலே தோல்வி, பிறகு இரண்டாம் மேல்முறையீடு. திருவரங்கத்து இராசகோபுரம் நானூறு ஆண்டு மொட்டையாக நின்று 1987இலே முடிந்ததல்லவா, எங்கள் வழக்கும் அந்தக் கோபுரத்தோடு போட்டியிட்டது! இரண்டாம் மேல்முறையீட்டிலே உண்மை இன்னதென்று மறுபடி கேட்கமாட்டார்கள். முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் கதவு திறக்கும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு. அப்பாவுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. இரவு இரயிலேறிப் போனார். பின்வரிசையிலே நின்றார். நம் வழக்கறிஞர் தமிழர், எதிர்வழக்கறிஞர் தமிழர், பீடத்திலிருந்தவரும் தமிழர். பத்து நிமிடம் மூவரும் ஆங்கிலத்திலே பேசினார்கள். வெளியே வந்த வழக்கறிஞர் ஒரே சொல் சொன்னார்: "தள்ளுபடி."

"என்ன பேசினார்கள் அப்பா?" என்று கேட்டேன், அப்போது நான் பள்ளிச் சிறுவன். "நம்மைப் பற்றித்தான் பேசினார்கள்" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

இந்தக் குறையை முதலிலே கண்டவன் நானல்லன். 1802இலே கம்பெனி ஆட்சி நான்கு மாகாண மேல்முறையீட்டு மன்றங்களை அமைத்தபோது, தென்பகுதிக்குரியதைத் திருச்சியிலேதான் வைத்தது. அது 1843இலே மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, இதே திருச்சி நீதிமன்றத்திலே ஆவணக் காப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார் குளத்தூர்க்காரர் ஒருவர். பிறகு மொழிபெயர்ப்பாளர்; 1850களிலே முன்சீப். அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை! தமிழின் முதல் நாவலை 1879இலே தந்தவர் என்றுதான் பள்ளியிலே படித்தோம். அதற்கு முன்பே, சதர் அதாலத் எனும் மேல் மன்றத்தின் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1860களிலே நூலாக வெளியிட்டார் என்பதை யார் சொன்னார்கள்? தமிழர் வழக்கைத் தமிழர் முன்பு தமிழர் ஆங்கிலத்திலே வாதிடும் விந்தையை அந்த நாவலிலேயே எள்ளி நகையாடியும் இருக்கிறார். நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னே அவர் நகைத்த காட்சியைத்தான் என் தந்தை நின்று பார்த்தார்!

இராசஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர் நீதிமன்றங்களிலே இந்திக்கு இடம் உண்டு. அதே 348ஆம் பிரிவின்படித் தமிழுக்கும் தாருங்கள் என்று 2006 டிசம்பரிலே நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இடம் தரப்படவில்லை.

ஆக, தேநீர்க் கடைத் தோழருக்கு என் விடை என்ன? கூட்டம் முடிந்ததும் அவர் மேடையோரம் வந்துவிட்டார்.

"பெட்டி வேண்டாம் என்கிறீர்களா அண்ணே?"

"வேண்டாம் தம்பி. பெட்டியைச் சுரங்க முதலாளி வாங்கிவிடுவான். பட்டியலைக் கேள்! தென்னாப்பிரிக்காவிலே நீதிபதியாக விரும்புகிறவரை ஆணையம் எல்லோர் முன்னிலும் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறது. இங்கிலாந்திலே 2006 முதல், இடம் காலி என்று விளம்பரம் செய்து, விண்ணப்பம் வாங்குகிறார்கள். இங்கே யார் விண்ணப்பித்தார், யார் பரிந்துரைத்தார், யாரை ஏன் எடுத்தார்கள், யாரை ஏன் விட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியட்டும். அந்த 715ஐப் போல மற்றொரு 715 வராதபடி, இட விகிதம் எழுத்திலே இருக்கட்டும்."

"அறைக்குள்ளே முடிவு செய்கிறவர்கள் கதவைத் திறப்பார்களா?"

அதற்கு நான் திருச்சியையே விடையாகச் சொன்னேன். 1956 மே மாதம், இதே திருச்சியிலே தி.மு.கழக மாநில மாநாடு. தேர்தலிலே நிற்பதா, வேண்டாமா என்பது கேள்வி. அண்ணாவும் மற்ற தலைவர்களும் ஓர் அறையிலே அமர்ந்து முடிவு செய்து அறிவித்திருந்தால், மறுக்க ஒருவரும் துணிந்திருக்கமாட்டார்கள். செய்யவில்லை. மாநாட்டுக்கு வந்தவர்களிடமே பெட்டி வைத்துக் கேட்டார்கள். நிற்கலாம் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர். வென்ற எண்ணிக்கையை மட்டுமன்று, தோற்ற எண்ணிக்கையையும் அறிவித்தார்கள். அந்த 4,203ஐ நாம் இன்றும் நினைவிலே வைத்திருக்கிறோம்.

இளைஞர் எண்ணைக் கையிலே எழுதிக்கொண்டார்.

கூட்டத்துக்கு அப்பாவின் தீர்ப்பு நகலை எடுத்துச் சென்றிருந்தேன். ஆறு பக்கம், ஓரங்கள் பழுப்பேறியவை, எங்கள் வீட்டிலே ஒருவரும் முழுமையாகப் படித்ததில்லை. மேடையிலே அதைத் தூக்கிக் காட்டியதைக் கண்ட சட்டக் கல்லூரி மாணவி ஒருவர், கூட்டம் கலையும் நேரத்திலே வந்து, "கொடுங்கள், நான் தமிழாக்கித் தருகிறேன்" என்று வாங்கிச் சென்றார். அடுத்த ஞாயிறு உறையூர்க் கூட்டத்துக்குக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவையும் அழைத்து வருகிறேன்.